ஆலையின் கார்பன் கணக்கும் குறைப்பும்: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுக்கரையில் தொடங்கி வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு வரை, தெற்கே பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வரை உள்ள ஆலைகளில் சில ஆண்டுகளாகப் புதிய வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியிடமிருந்து ஒரு படிவம் வரும். உங்கள் ஆலை ஆண்டுக்கு எத்தனை டன் பசுமைக்குடில் வாயு வெளியிடுகிறது, குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று அதில் கேட்டிருப்பார்கள். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெயின்டனன்ஸிலோ குவாலிட்டியிலோ இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, "தம்பி, இதை நீயே பாத்துக்க" என்று கையில் கொடுத்துவிடுவார். அந்தத் தம்பிக்காகவும், அதே நாற்காலியில் உட்காரும் தங்கைக்காகவும் எழுதுகிறேன்.

படிவம் ஏன் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவர்கள் தங்கள் கணக்கை முடிக்க உங்கள் கணக்கும் வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கார்பன் வரி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 2023 அக்டோபரில் தகவல் மட்டும் கேட்டுத் தொடங்கிய அந்த ஏற்பாடு, 2026 ஜனவரியிலிருந்து பணக் கணக்காகிவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவை அதில் வரும். இரும்பில் நட்டு, போல்ட் வரைக்கும் பட்டியலில் உண்டு.

இவை வெளியிலிருந்து வரும் காரணங்கள். நம் ஊர்க் காரணம் ஒன்றும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தது. வெளியிலேயே 40 டிகிரி தாண்டும் நாளில், உலைக்கு முன் நிற்கிற மனிதர் எந்தச் சூட்டில் வேலை செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வேலையைப் படிவம் நிரப்புவதோடு முடிக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நடுத்தர ஃபவுண்டரியை, அதாவது வார்ப்பாலையை, வைத்துக்கொள்கிறேன். கோவைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் பழக்கமான தொழில். மின்சாரம், எரிபொருள், கழிவு எல்லாமே அதில் வந்துவிடும். உங்களுடையது தேங்காய் நார் ஆலையோ உணவு ஆலையோ என்றாலும் வழி இதுதான்.

எல்லை போடுதல்

உலகம் முழுக்கப் பயன்படும் கணக்குமுறை ஜி.எச்.ஜி. புரோட்டோகால். 2001-இல் வெளிவந்து 2004-இல் திருத்தப்பட்டது. அது வெளியேற்றத்தை மூன்று கூறாகப் பிரிக்கிறது. உங்கள் காம்பவுண்டுக்குள் நீங்களே எரிப்பதும் கசிய விடுவதும் ஸ்கோப் 1: டீசல், எல்.பி.ஜி., கோக் (உலைக்கு எரிக்கும் கரி), ஃபர்னஸ் ஆயில், ஏ.சி. கேஸ். நீங்கள் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது ஸ்கோப் 2. மூலப்பொருள், லாரி, ஜாப் ஒர்க், ஆட்கள் வந்துபோகும் பஸ் என்று மற்றதெல்லாம் ஸ்கோப் 3.

எல்லை என்றால் எந்தெந்த ஷெட் நம் கணக்கு என்று முடிவு செய்வது. ஒரே முதலாளிக்கு மதுக்கரையில் ஒரு ஷெட், கஞ்சிக்கோட்டில் ஒரு ஷெட் இருப்பது இங்கே சகஜம். யார் சொல்லி அங்கே வேலை நடக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மேலாளர் சொல்லி நடந்தால் அது உங்கள் கணக்கு. வாடகை ஷெட் என்றாலும் அப்படித்தான். குறிச்சியில் மெஷினிங் கொடுத்து வாங்குகிறீர்கள், அங்கே முதலாளி வேறு என்றால் அது ஸ்கோப் 3.

இதில் ஒரு பொய்க் குறைப்புக்கு இடம் இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட்டை வெளியே கொடுத்துவிட்டால் உங்கள் ஸ்கோப் 1, 2 எண்கள் சட்டென்று இறங்கும். ஆனால் அதே அடுப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி எரிந்துகொண்டிருக்கும். அதைக் குறைப்பு என்று எழுதாதீர்கள்.

தாள்களைத் திரட்டுதல்

கணக்கு கம்ப்யூட்டரில் முடிந்தாலும், தொடங்குவது அக்கவுண்ட்ஸ் அலமாரியில்தான். ஒரு நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. பன்னிரண்டு மாத மின் பில், டீசல் பில், சிலிண்டர் பில், உற்பத்திப் பதிவேடு ஆகிய நான்கும் கையில் வந்தாலே பெரும்பகுதி முடிந்தது.

மின் பில்லில் தேதியைப் பாருங்கள். ரீடிங் எடுத்த தேதி மாத முடிவோடு பொருந்தாவிட்டால், உற்பத்தியை ஒரு கணக்கிலும் மின்சாரத்தை வேறு கணக்கிலும் வைத்து வகுத்துக்கொண்டிருப்பீர்கள். மாத முதல் நாள் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் மெயின் மீட்டரை நீங்களே ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டீசலில் வாங்கியதை எழுதக் கூடாது, செலவானதை எழுத வேண்டும். ஆண்டு தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, ஆண்டு முடிவு இருப்பைக் கழியுங்கள். ஜெனரேட்டருக்குப் போனதும், ஃபோர்க்லிஃப்டுக்குப் போனதும், முதலாளி காருக்குப் போனதும் ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றிலிருந்து ஒரு பத்தி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ஏ.சி. மெக்கானிக்கின் பில். அதில் "கேஸ் ஃபில்லிங்" என்று ஒரே வரி, பக்கத்தில் ரூபாய். எந்த கேஸ், எத்தனை கிலோ என்பது இருக்காது. ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு, கார்பன் டை ஆக்ஸைடைப் போலச் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. பேனல் ரூம் ஏ.சி.களில் ஆண்டுக்கு 10 கிலோ கசிந்து, மறுபடி நிரப்பினால் அது 20 டன்னுக்குச் சமம். ஏழாயிரம் லிட்டருக்கு மேல் டீசல் எரித்தாலும் அவ்வளவுதான் வரும். ஜெனரேட்டர் டீசலுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம், கசிகிற ஃப்ளேர் நட்டை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மெக்கானிக்கிடம் இனி பில்லில் கேஸ் பெயரும் கிலோவும் எழுதினால்தான் பணம் பாஸ் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். கசிவை அடைக்காமல் நிரப்புவதையும் நிறுத்துங்கள்.

உயர் அழுத்த மின்சாரம் வந்து இறங்கும் எச்.டி. யார்டில் எஸ்.எஃப்.6 வாயு நிரப்பிய பிரேக்கர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாயு 23,000 மடங்குக்கும் மேல். சாதாரணமாகக் கசியாது, கசிந்தால் ஒரு கிலோவே பெரிய கணக்கு.

கிலோவாக மாற்றுதல்

அளவை அதற்குரிய காரணியால் பெருக்கினால் வெளியேற்றம் கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. எல்.பி.ஜி. கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ; ஆக 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ. கோக் கிலோவுக்கு 3 கிலோவை ஒட்டி வரும், ஃபர்னஸ் ஆயில் அதைவிடச் சற்றுக் கூட.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் காரணி வெளியிடுகிறது. சில ஆண்டுகளாக அது யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டியே நிற்கிறது. நீங்கள் கணக்குப் போடும் ஆண்டுக்கு எந்தப் பதிப்பு பொருந்துமோ அதை எடுத்து, பதிப்பின் எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள்.

எல்லைப் பகுதி ஆலைகளில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். கேரளாவில் இடுக்கி, சபரிகிரி என்று நீர்மின்சாரம் ஓடுகிறதே, கஞ்சிக்கோடு ஷெட்டுக்குக் குறைத்துப் போடலாமா என்று. கூடாது. 2013 டிசம்பர் 31-இல் தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் மற்றக் கட்டமைப்போடு இணைந்துவிட்டது. அதனால் ஆணையத்தின் காரணி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பில் தமிழ்நாடு மின்வாரியத்தில் வந்தாலும் கேரளாவின் கே.எஸ்.இ.பி.யில் வந்தாலும் பெருக்கும் எண் மாறாது.

விறகு, தேங்காய்த் தொட்டி, முந்திரிக்கொட்டைத் தோடு எரிக்கும் பாய்லர் இருந்தால், அதில் வரும் கார்பன் டை ஆக்ஸைடைத் தனி வரியில் காட்ட வேண்டும். மொத்தத்தில் கூட்ட வேண்டாம். மரம் வளரும்போது இழுத்ததைத் திரும்ப விடுகிறது என்பது அதன் அடிப்படை. எரியும்போது சிறிதளவு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் மட்டும் ஸ்கோப் 1-இல் சேரும். ஆனால் விறகு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தோட்டத்தில் நட்டு வெட்டிய சவுக்கும், மலையடிவாரத்தில் கேட்பாரில்லாமல் வெட்டிய மரமும் ஒன்றாகாது.

சிமென்ட் போன்ற தொழிலில் எரிபொருளைத் தவிர இன்னொரு ஊற்றும் உண்டு. மதுக்கரையிலும் வாளையாரிலும் சிமென்ட் ஆலை எழுந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்ஸைடு பிரிகிறது. சிமென்ட்டுக்கு அரைக்கும் சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு டன்னுக்கு அரை டன்னுக்குச் சற்று மேல் கல்லிலிருந்து மட்டும் வரும். என்ன எரிபொருள் போட்டாலும் அது போகாது. கிளிங்கரைக் குறைத்து ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), ஸ்லாக் (உலைக் கசடு) கலப்பதுதான் அதற்கு இன்றுள்ள கைகண்ட வழி.

கூட்டி முடித்ததும் மொத்தத்தை நல்ல சரக்கின் டன்னால் வகுங்கள். கஸ்டமருக்குப் போய்ச் சேர்ந்த டன், உருக்கிய டன் அல்ல. உங்கள் ஆலையின் கார்பன் எண் அதுதான்.

உலையில் நின்று பாருங்கள்

இன்டக்‌ஷன் உலையில், அதாவது மின்சாரத்தால் உருக்கும் உலையில், ஒரு டன் வார்ப்பிரும்பு உருக்க 550 முதல் 650 யூனிட் ஆகும். 600 என்று வைத்தால் 420 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. ஃபவுண்டரியின் மின்சாரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. மற்ற இடங்களில் விளக்கை அணைப்பதும் பேனை நிறுத்துவதும் நல்லதே, ஆனால் இங்கே கை வைக்காமல் எண் இறங்காது.

இரவு ஷிஃப்டில் ஒருநாள் உலை மேடையில் ஏறி நில்லுங்கள். உலோகம் உருகித் தயாராகிவிட்டது. உலையைப் பார்த்துக்கொள்ளும் மெல்டர் ஸ்பூனில் கொஞ்சம் மொண்டு சாம்பிள் ஊற்றுகிறார். ஒரு பையன் அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு உலோகத்தின் சேர்மானம் பார்க்கும் ஸ்பெக்ட்ரோ அறைக்கு ஓடுகிறான். அங்கே முந்தைய சாம்பிள் இன்னும் கிரைண்டரில் இருக்கிறது. இங்கே 1,450 டிகிரியில் உலோகம் வெள்ளையாகத் தகதகத்துக்கொண்டு காத்திருக்கிறது, சூடு இறங்காமல் இருக்க பேனல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். "மூடி போடலாமேங்க அண்ணா" என்றால், "வளைஞ்சு போச்சுங்க தம்பி, போட்டா எடுக்க ரெண்டு ஆள் வேணும்" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆகவே "மூடி போடவும்" என்று போர்டு எழுதி மாட்டுவதில் பயன் இல்லை. மூடியை நிமிர்த்தி, உள்ளே புது காஸ்டபிள் (சூடு தாங்கும் பூச்சு) பூசி, ஒற்றை ஆள் நகர்த்தும்படி ஒரு பிவட் வைத்துக் கொடுங்கள். திறந்த உலையின் வாயிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் சூடு மின்சாரத்தை மட்டும் தின்பதில்லை, அவர் முகத்திலும்தான் அடிக்கிறது. மூடி ஒழுங்காக விழுந்தால் இரண்டும் குறையும்.

சாம்பிள் காத்திருப்பைக் குறைப்பது அடுத்தது. உலை தயாராக ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஸ்பெக்ட்ரோ அறைக்குச் சொல்ல ஒரு மணி வைத்தால் போதும். மோல்டிங் பெட்டிகள் தயாராகாமல் உலை காத்திருப்பது அதைவிடப் பெரிய செலவு. மோல்டிங் சூப்பர்வைசரும் மெல்டிங் சூப்பர்வைசரும் ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் நின்று பேசிக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். பேசுவதில்லை என்றால் அதை ஏற்பாடு செய்வதுதான் உங்கள் முதல் கார்பன் திட்டம்.

தேவைக்கு மேல் சூடேற்றுவதும் நடக்கும். உலோகத்தை ஊற்ற எடுத்துச் செல்லும் லேடில் ஆறிக் கிடப்பதால் உலையில் ஐம்பது டிகிரி கூட ஏற்றிக்கொள்வார்கள். அந்த ஐம்பது டிகிரிக்கு டன்னுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் போகும். லேடிலை நன்றாக முன்சூடாக்கி, மேலே மூடி போட்டு, உலைக்கும் ஊற்றும் இடத்துக்கும் உள்ள நடையைக் குறைத்தால் உலை வெப்பநிலையை இறக்கலாம். முன்சூடாக்கும் பர்னர் லேடில் இல்லாதபோதும் வெறுமனே எரிந்துகொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்க்ராப்பில் ஒட்டியிருக்கும் துருவும் மணலும் உருகி ஸ்லாக் ஆகிறது, அதற்கும் நாம்தான் கரண்ட் கட்டுகிறோம். அச்சுக்கு உலோகம் ஓடும் வழிகளில் உறைந்து நிற்கும் ரன்னர், ரைசர் துண்டுகளை மணல் உதறி, ஷாட் பிளாஸ்டில் ஓட்டிப் போட்டால் யூனிட் குறைவதை அடுத்த வாரமே காணலாம். உலைக்கு என்று தனி மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்குவதற்கு) எத்தனை யூனிட் என்று மேடைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதச் செய்யுங்கள். மெல்டர் தன் எண்ணைத் தானே பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் ஆபீஸில் பார்க்கும் எண்ணால் ஒரு மூடியும் மூடப்படாது.

கோக் எரிக்கும் குப்போலா உலையிலிருந்து இன்டக்‌ஷனுக்கு மாறினால் கார்பன் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு 130 கிலோ கோக் என்றால் 390 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. இன்டக்‌ஷனில் இன்றைய மின்சாரத்துக்கு 420. ஊருக்குப் புகை போகும், மெட்டல் தரம் கூடும், அவை பெரிய நன்மைகள். ஆனால் கார்பன் குறைய வேண்டுமானால் அந்த மின்சாரம் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ வர வேண்டும்.

ரிஜெக்‌ஷன்தான் பெரிய புகைபோக்கி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஜெக்ட் ஆன வார்ப்படம் திரும்ப உலைக்குப் போகிறது, அதனால் நஷ்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு திரும்பி வரும். உருக்கிய மின்சாரம் வராது.

ஒரு கணக்கு போடுவோம். ஊற்றிய உலோகத்தில் 60 சதவீதம்தான் வார்ப்படமாகிறது, மீதி ரன்னர், ரைசர். அந்த வார்ப்படத்திலும் 8 சதவீதம் ரிஜெக்ட். அப்படியானால் ஒரு டன் நல்ல சரக்குக்கு 1.81 டன் உருக்க வேண்டும், அது 1,087 யூனிட். கேட்டிங் டிசைனை, அதாவது அச்சுக்குள் உலோகம் ஓடும் வழியை, மாற்றி 60-ஐ 65 ஆக்கி, ரிஜெக்‌ஷனை 4-க்குக் கொண்டுவந்தால் 1.60 டன் உருக்கினால் போதும், 962 யூனிட். டன்னுக்கு 125 யூனிட் மிச்சம். மாதம் 300 டன் அனுப்பும் ஆலையில் 37,500 யூனிட், கார்பன் கணக்கில் மாதத்துக்கு 26 டன். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. மணலின் ஈரத்தை ஒழுங்காகச் சோதித்து, பேட்டர்னைத் திருத்தி, ப்ளோ ஹோல் (வார்ப்படத்தில் விழும் காற்றுத் துளை) எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்ததுதான்.

ஆகவே குவாலிட்டி மீட்டிங்கில் உங்களுக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். ரிஜெக்‌ஷன் அட்டவணையில் கார்பனுக்கு ஒரு பத்தி சேருங்கள். எந்தப் பாகம் அதிகமாக ரிஜெக்ட் ஆகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ஃபவுண்டரி மட்டும் இல்லை. பிஸ்கட் ஆலையில் உடைந்த பிஸ்கட்டுக்கும், சாயப்பட்டறையில் மறுபடி சாயம் போடும் துணிக்கும் இதே நியாயம்தான்.

கம்ப்ரஸரும் மோட்டாரும்

உணவு இடைவேளையில் ஷெட் அமைதியாகும்போது நடந்து பாருங்கள். உஸ் என்று சத்தம் கேட்கும் இடமெல்லாம் காற்றுக் கசிவு. பராமரிப்பில்லாத ஆலைகளில் கம்ப்ரஸர் அடிக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போவது வழக்கம். அளப்பதும் எளிது. ஞாயிற்றுக்கிழமை எந்த இயந்திரமும் ஓடாதபோது கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அடித்துக்கொண்டு) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (அடிக்காமல் சும்மா) என்று வாட்சில் பாருங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 4 நிமிடம் என்றால், ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கசிவு. யாரும் பயன்படுத்தாதபோது அது எங்கே போகிறது? சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு கப்ளிங், ஹோஸ் கிளிப், எஃப்.ஆர்.எல். யூனிட் (காற்றை வடிகட்டிச் சீராக்கும் பாகம்), டிரெயின் வால்வு எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள். அடைத்த பிறகு பிரஷரை ஒரு பார் இறக்கிப் பாருங்கள். அதில் மட்டும் கம்ப்ரஸர் மின்சாரம் 6, 7 சதவீதம் குறையும்.

காற்றைத் துணி தட்டவும், தரை கூட்டவும், ஆட்கள் மேல் அடித்துக் குளிர்ச்சி காணவும் பயன்படுத்துகிறார்களா? கண்டிப்பதற்கு முன் அங்கே ஒரு நல்ல மேன் கூலர் வையுங்கள். வெக்கை தாங்காமல்தான் அப்படிச் செய்கிறார்கள்.

டஸ்ட் கலெக்டர் பேனையும் கூலிங் தண்ணீர் பம்பையும் டேம்பர், வால்வு பாதி மூடி ஓட்டினால், கழுத்தை நெரித்துக்கொண்டே ஓட வைப்பதுதான். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியைப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். பேனின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் ஒன்று: டஸ்ட் கலெக்டரில் உறிஞ்சும் வேகம் குறைந்து தூசி ஷெட்டுக்குள் நிற்கக் கூடாது. தொழிலாளியின் நுரையீரலைக் கொடுத்து வாங்கும் யூனிட் நமக்கு வேண்டாம்.

பவர் ஃபேக்டர் பற்றி ஒரு வார்த்தை. கெப்பாசிட்டர் போட்டால் பில்லில் பணம் குறையும், அது நல்லது. ஆனால் யூனிட் அதிகம் குறையாது, ஆகவே கார்பனும் அதிகம் குறையாது. விற்க வருபவர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லுவார், பிரித்துக் கேளுங்கள்.

பாய்லர் உள்ளவர்களுக்கு

நீராவி லைனுக்கு லாகிங் (சூடு போகாமல் தடுக்கும் உறை) போடுங்கள், நீராவி ஆறித் தண்ணீராகும் கண்டன்சேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி சூடாக வந்தால் எரிபொருள் ஒரு சதவீதம் மிச்சம். புகைபோக்கியில் போகும் வாயுவின் வெப்பம் இருபது டிகிரி இறங்கினாலும் ஏறத்தாழ அதே அளவு. உணவு, பால், ஸ்டார்ச் ஆலைகளில் கழிவுநீர்க் குட்டையைக் கவனியுங்கள். ஆழமான, மூடாத குட்டை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல 28 மடங்கு. மூடி, வாயுவைப் பிடித்து பாய்லரில் எரித்தால் வெளியேற்றமும் குறையும், விறகும் மிச்சமாகும்.

காற்றும் வெயிலும்

செலவைக் குறைத்த பிறகுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். முன்பே வந்தால் வீணாகும் யூனிட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள்.

நம் பகுதிக்கு இயற்கை கொடுத்த வரம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் அந்த இடைவெளியில் புகுந்து வேகமெடுத்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வீசுகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். கோவையின் மில்களும் ஃபவுண்டரிகளும் இதை நம்பித்தான் சொந்தக் காற்றாலை வைத்தார்கள். தனியாக வாங்க முடியாத சிறிய ஆலைக்கு, பலர் சேர்ந்து சொந்த மின்சாரம் எடுக்கும் குரூப் கேப்டிவ் முறை உண்டு. 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்த வேண்டும். ஒப்பந்தம் போடுமுன் ஒரு விஷயம்: காற்றாலை உடுமலையில், ஆலை கஞ்சிக்கோட்டில் என்றால் மின்சாரம் மாநிலம் தாண்டுகிறது, அதற்கான அனுமதியும் கட்டணமும் வேறு. பக்கம்தானே என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூரை சோலார் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும், ஏறத்தாழ 100 சதுர அடி கேட்கும். 100 கிலோவாட் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 1.45 லட்சம் யூனிட், நூறு டன் கார்பன் மிச்சம். ஃபவுண்டரிக் கூரையில் கரித்தூசி படியும். வாரம் ஒருமுறை கழுவ ஆளும் தண்ணீரும் நடைபாதையும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் யாரையும் ஏற்றாதீர்கள். முதலில் கூரையை மாற்றுங்கள்.

கணக்கில் எழுதும்போது ஸ்கோப் 2-ஐ இரண்டு விதமாகக் காட்ட வேண்டும். நாட்டின் சராசரிக் காரணியால் பெருக்கியது ஒன்று, நீங்கள் ஒப்பந்தம் போட்ட மின்சாரத்தின்படி ஒன்று. காற்றாலையின் பசுமைச் சான்றிதழை வேறொருவருக்கு விற்றிருந்தால், அந்த மின்சாரம் பசுமை என்று நீங்கள் சொல்லக் கூடாது. ஒரே காற்றை இரண்டு பேர் கணக்கெழுதுவது ஆகாது.

வாசலுக்கு வெளியே

ஸ்கோப் 3-இல் பதினைந்து வகைகள் உண்டு. எல்லாவற்றையும் முதல் ஆண்டே தொடாதீர்கள். ஃபவுண்டரிக்கு மூலப்பொருளும் லாரியும் போதும். தாதுவிலிருந்து எடுக்கும் பிக் அயர்ன் ஒரு டன் உருவாகவே ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகியிருக்கும். ஸ்டீல் ஸ்க்ராப்பைக் கூட்டி, கார்பன் சேர்த்துக்கொண்டு, பிக் அயர்னைக் குறைக்க முடியுமா என்று மெட்டலர்ஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பாருங்கள். பல கிரேடுகளில் முடியும்.

லாரியில், 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வாளையாரில் வரிச் சாவடி வரிசை ஒழிந்தது பெரிய விடுதலை. வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்பது போயிற்று. மிச்சமிருப்பது காலியாகத் திரும்பும் வண்டி. கொச்சிக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே வருகிற லாரிக்குப் பக்கத்து ஆலையின் மூலப்பொருள் ஏற்ற முடியுமா? இரண்டு ஆலைகளின் டெஸ்பாட்ச் ஆட்கள் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இலக்கும் பதிலும்

முதல் ஆண்டுக் கணக்கை அடிப்படை ஆண்டாக வையுங்கள். ஊரடங்கு ஆண்டு, ஆர்டர் இல்லாமல் ஷெட் பாதி மூடிக் கிடந்த ஆண்டு வேண்டாம். இலக்கை இரண்டாக எழுதுங்கள்: டன்னுக்கு இத்தனை கிலோ, மொத்தத்தில் இத்தனை டன். டன்னுக்கு உள்ள எண் மட்டும் இருந்தால், ஆலை பெருத்து மொத்த வெளியேற்றம் கூடினாலும் குறைத்துவிட்டதாகத் தோன்றும். மொத்தம் மட்டும் இருந்தால் ஆர்டர் குறைந்த ஆண்டில் சும்மாவே சாதித்துவிடுவோம். இலக்குக்குக் கீழே யார், எதை, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். "உலை மூடி, மெயின்டனன்ஸ், ஜூன்" என்பது "2030-க்குள் பசுமை ஆலை" என்பதைவிட நல்ல வரி.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், மத்திய எரிசக்தித் திறன் வாரியமான பி.இ.இ. சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். கேரளப் பக்க ஆலைகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள எரிசக்தி மேலாண்மை மையத்தை அணுகலாம். ஆடிட்டர் வருமுன் உங்கள் எண்கள் தயாராக இருந்தால் அவர் நேரம் அளப்பதில் போகாமல் யோசிப்பதில் போகும்.

படிவத்துக்குப் பதில் எழுதும்போது தெரிந்ததைத் தெரிந்ததாகவும், மதிப்பீட்டை மதிப்பீடாகவும் குறியுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த பில், எந்த மீட்டர் என்று பக்கத்தில் இருக்கட்டும். சரிபார்க்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த ஆண்டு புது ஷெட் சேர்ந்தாலோ, ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே போனாலோ, அடிப்படை ஆண்டின் எண்ணையும் அதே எல்லைக்குத் திருத்திப் போடுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் திருத்திய எண்ணைப் பக்கத்தில் எழுதி, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி சேர்த்து, தேதியோடு மேலாளரின் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவிடுங்கள்.